ஒரே ஒரு தமிழ் மெஷின்

நல்லுசாமி இறந்தது 1955 ஐப்பசியில். பேகம்பூர் போகும் சாலையில் அவர் நடத்திவந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அப்போது ஆறு மெஷின்கள் இருந்தன. ஆறும் இங்கிலீஷ். காரியம் முடிந்த மறுவாரமே அவர் மனைவி சண்முகவள்ளி கதவைத் திறந்து வகுப்பை நடத்தத் தொடங்கிவிட்டார். கணவரிடமே கற்று இங்கிலீஷ் ஹயர் தேர்வு வரை தேறியவர். நான் தாலுகா ஆபீசில் ரிக்கார்டு கிளார்க். சாயங்காலம் அங்கே போய் வருகைப் பதிவும் ரசீதுகளும் எழுதிக் கொடுப்பேன்.

காலை ஆறு மணிக்கு முதல் பேட்ச், இரவு எட்டுக்குக் கடைசி பேட்ச். நடுவில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம் அடித்த தாளை மறுபக்கம் திருப்பிப் போடச் சொல்வார். ரிப்பனை எண்ணெய் தொட்டு இன்னொரு மாதம் ஓட்டுவார்.

1958 வாக்கில் ஆபீசுகளில் இனித் தமிழில்தான் கடிதப் போக்குவரத்து என்ற பேச்சு வலுத்தது. தமிழ் மெஷின்கள் வரத் தொடங்கின. சேர வருகிற பிள்ளைகள் வாசலிலேயே நின்று, "எதைப் படிக்கட்டும் டீச்சர்?" என்று கேட்டார்கள். பம்பாய்க்குச் சரக்கு அனுப்பும் வெங்காய மண்டிக்காரர்களுக்கு இங்கிலீஷ் கடிதம் வேண்டும். கோர்ட்டிலும் எங்கள் ஆபீசிலும் தமிழ் கேட்டார்கள். அவரால் என்ன சொல்ல முடியும்? பாதிப் பேர் போய்விட்டார்கள்.

கட்டடத்தில் நல்லுசாமியின் தம்பி மூக்கையாவுக்கும் பங்கு உண்டு. அவர் வாடகை சைக்கிள் கடை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"மதினி, இந்தத் தகரத்தைத் தட்டிக்கிட்டு இருக்கிறதுக்கு நாலு சைக்கிளை வச்சா மிதிக்கிறவன் மிதிப்பான், நீங்க உக்காந்து சாப்பிடலாம்."

"உக்காரவா? அதெல்லாம் மறந்துபோச்சு தம்பி."

"தமிழ் மெஷின் இல்லாம இனி யாரு வருவா?"

"வாங்கியாச்சு. அடுத்த மாசம் வருது."

மூக்கையா சைக்கிள் கடையைத் தமிழ் மெஷினில் முதல் தேர்வு முடிவு வரும்வரை தள்ளிவைப்பதாக மட்டும் ஒப்புக்கொண்டார்.

தவணையில் மெஷின் வந்தது. ஆனால் தமிழ் வகுப்புக்குச் சர்க்கார் அங்கீகாரம் வேண்டுமானால் சொல்லிக் கொடுப்பவரும் தமிழில் பாஸ் செய்திருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. நாற்பது வயதில் அவர் மறுபடி மாணவியானார். இங்கிலீஷில் பழகிய விரல் தமிழில் சொன்னபடி கேட்கவில்லை. கையால் எழுதும்போது எழுத்தை எழுதிவிட்டுப் புள்ளி வைக்கிறோம். மெஷினில் புள்ளியை முதலில் அடித்து, அதன் கீழ் எழுத்தை அடிக்க வேண்டும். "புள்ளி முன்னே, புள்ளி முன்னே" என்று முணுமுணுத்தபடி கடைசி பேட்ச் போனபின் பழகுவார்.

அவரோடு தமிழ் பழகியவர் ஒருவர்தான், சௌகத் அலி. கோர்ட்டில் தற்காலிக வேலை. தமிழ் லோயர் பாஸ் செய்தால் நிரந்தரம் ஆக்குவதாகவும் இல்லாவிட்டால் நிறுத்திவிடுவதாகவும் சொல்லியிருந்தார்கள்.

தேர்வு மையம் மதுரை. மெஷினை நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஒரே மெஷின் என்பதால் இருவரையும் வெவ்வேறு பேட்சில் போடும்படி விண்ணப்பத்தில் நானே எழுதியிருந்தேன். அதிகாலைப் பாசஞ்சரில் மூவரும் ஏறினோம். மெஷினைப் போர்வையில் சுற்றி அலி மடியில் வைத்திருந்தார். கொடைரோட்டில் ஏறிய பெரியவர் ஒருவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஆர்மோனியமா அப்பு?"

"ஆமாங்கய்யா. ஒரே ராகந்தான், டக்கு டக்குன்னு வரும்."

சண்முகவள்ளி அன்று சிரித்தது அப்போதுதான்.

மையத்தின் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் இருவர் பெயரும் இரண்டாவது பேட்சில் இருந்தது. கண்காணிப்பாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"பேட்ச் மாத்துற அதிகாரம் எனக்கில்ல சார். முத பேட்ச்ல வந்த மதுரைக்காரர் ஒருத்தர் தமிழ் மெஷின் வச்சிருக்காரு. கேட்டுப் பாருங்க."

மதுரைக்காரர் முகம் கோணாமல் கொடுத்தார். ஆனால் அது வேறு கம்பெனி மெஷின். எழுத்துகள் அதில் வேறு இடங்களில் இருந்தன. நம் மெஷினில் இடது பக்கம் மேல் வரிசையில் இருக்கும் புள்ளி அதில் வலது சுண்டுவிரலுக்குப் போயிருந்தது. அந்தக் காலத்தில் கம்பெனிக்கு ஒரு வரிசை.

அலி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், நம்ம மெஷின்ல நீங்க உக்காருங்க. இன்ஸ்டிடியூட்டே அதுலதான இருக்கு. நான் அடுத்த தடவை எழுதிக்கிறேன்."

"அடுத்த தடவை வரைக்கும் கோர்ட்டுல உன்னைய வச்சிருப்பாகளா?"

அலி போர்வையை அவிழ்த்து மெஷினை அவர் பக்கமாக நகர்த்தினார்.

"உன்ட்ட பீஸ் வாங்கியிருக்கேன். எனக்கு நானே பீஸ் கட்டல. போய் உக்காரு. ரிப்பன் புதுசு, மெதுவா தட்டு."

நான் வராந்தாவில் நின்றேன். மற்ற மெஷின்கள் மழைபோல் ஓட, ஒன்று மட்டும் நின்று நின்று தட்டியது. மணி அடித்ததும் சண்முகவள்ளி வெளியே வந்தார்.

"எப்படிம்மா?"

"அரைப் பக்கம் அடிச்சேண்ணே. அதுலயும் பாதி எனக்கே படிக்க வரல. செத்த நேரம் உக்காருவமா?"

அங்கே படிக்கட்டில் உட்கார்ந்தார். ரயிலுக்கு நேரமாகும்வரை எழவில்லை.

அலி பாஸ். வேலையும் நிரந்தரமாயிற்று. சண்முகவள்ளி பெயில்; தமிழ் அங்கீகாரம் வரவில்லை. மூக்கையா ஒரு வார்த்தை குத்தலாகப் பேசவில்லை. சொன்னபடி முன்பக்கத்தில் சைக்கிள்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஏழு மெஷின்களும் பின் அறைக்குப் போயின. அங்கே பகலிலும் விளக்குப் போட வேண்டும்.

மறுதேர்வுக்குள் கம்பெனி ஆள் வந்து, எழுத்துகளை எல்லா மெஷினிலும் ஒரே வரிசையில் கொண்டுவரப் போவதாகவும், மெஷினைக் கொடுத்தால் மாற்றித் தருவதாகவும் சொன்னார். புது வரிசைத் தாளை விரித்துக் காட்டினார். ஏறக்குறைய அந்த மதுரை மெஷினின் வரிசை.

சண்முகவள்ளி தாளில் புள்ளியைத் தேடி விரலை வைத்தார். "இதுலதான நான் பெயிலானேன்" என்றார். பிறகு, "எடுத்துட்டுப் போங்க, சீக்கிரம் கொண்டாங்க" என்றார்.

இரண்டாம் முறையும் போயிற்று. 1961இல் பாஸ் செய்தார். அங்கீகாரமும் வந்தது. அதற்குள் ஊரில் இன்னும் இரண்டு இடங்களில் தமிழ் மெஷின்கள் வரிசையாக நின்றன. முன்பக்கத்தைத் திருப்பிக் கேட்கலாமே என்றேன். "கேட்டு வாங்கி அங்க யாரை உக்கார வைக்க?" என்றார்.

அந்த வைகாசியில் அலி தன் தங்கையை அனுப்பினார். அந்தப் பெண் சைக்கிள்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்துப் பின் அறைக்கு வந்தாள்.

"இங்கிலீஷா, தமிழாம்மா?"

"எதுல டீச்சர் வேலை கிடைக்கும்?"

"இன்னைக்கு ஒண்ணு சொல்லுவேன். நீ முடிக்கிறதுக்குள்ள அது மாறியிருக்கும். காலையில இங்கிலீஷ், சாயங்காலம் தமிழ். ரெண்டுக்கும் வந்துரு."

"ரெண்டு பீஸா?"

"ஒண்ணுதான். அண்ணே, பேரை எழுதிக்கங்க."

இரண்டு பதிவிலும் எழுதினேன். அதற்குள் அவர் ரிப்பனைக் கழற்றி எண்ணெய் தொட ஆரம்பித்துவிட்டார்.