அரக்குக்கு நெருப்பு

நாயுடுபுரத்தில் மூன்று மாடி லாட்ஜ் கட்டினேன். நாலு ஜீப் ஓட்டுகிறேன். படிப்பு மூன்றாம் வகுப்பு; கைகொடுத்துத் தூக்க ஒருவரும் இல்லை. இன்று காலை ஓட்டுச்சாவடியில் முதல் ஆளாக நின்றேன். அதிகாரி உருக்கிய அரக்கின் வாசனை என்னைச் சின்ன வயதில் நான் இருந்த அடுக்கம் கிராமத்துக்கே இழுத்துப் போய்விட்டது.

அப்போது எம்.பி. இறந்து இடைத்தேர்தல் வந்திருந்தது. ரோடு கிடையாது; ஓட்டுப்பெட்டி குதிரை முதுகில் வந்தது. நாள் முழுக்க மழை. பொழுதுசாய ஓட்டு முடிந்து அரக்கு வைக்கப் போனால், அதிகாரியின் தீப்பெட்டி நனைந்திருந்தது. சீல் இல்லையென்றால் ஊர் ஓட்டு மொத்தமும் செல்லாது என்றார்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா அடுப்புக் கங்கைச் சாம்பலால் மூடி அணையாமல் வைத்திருப்பாள். ஆனால் விளக்கு வைத்தபின் எங்கள் ஊரில் யாரும் நெருப்பு கொடுக்கமாட்டார்கள்.

"ஏலே, வீட்டு லட்சுமிய வெளிய அனுப்பச் சொல்றியா?"

"ஒன் ஓட்டும் அந்தப் பெட்டிக்குள்ளதானம்மா கெடக்கு!"

அம்மா விளக்கைப் பார்த்துக் கும்பிட்டாள். சிரட்டையில் கங்கை அள்ளினாள். "வெரசா போ. அணைஞ்சா இன்னொருக்கா கேக்காத."

சேம்பிலையால் மூடிக்கொண்டு ஓடினேன். அரக்கு உருகியது.

ஜெயித்தவர் பெயர் அடுக்கம் பள்ளிக்கூடக் கல்வெட்டில் இருக்கிறது. அதன் கீழே நெருப்பு கொடுத்த அம்மா பெயரையும், கொண்டுவந்த என் பெயரையும் வெட்ட வேண்டும். கல்லை நானே தருகிறேன்.