அவர் பாதி, நாங்கள் பாதி

மந்தைவெளியில் எங்கள் சந்துக்கு அக்டோபர் என்றால் மாதா வரும் மாதம். கோயிலிலிருந்து தரும் மாதா சுரூபம் சாயங்காலத்துக்கு ஒரு வீடாகத் தங்கும். அந்த வீட்டில் எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்லுவோம். வீட்டுக்காரர் மந்திரத்தின் முன்பாதியைச் சொல்ல, பின்பாதி எங்களுடையது. முடிந்ததும் சுண்டல். மறுநாள் மாதாவை அடுத்த வீட்டுக்குத் தூக்கிப்போவோம்.

அந்த வருஷம் ஆட்டோக்கார அண்ணன் வீட்டுக்கு மாதா வந்தபோது, அவருக்கு வாதம் வந்து வலது கையும் வாயும் இழுத்துக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அவர் ஜெபம் சொன்னால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அன்றைக்கு "அருள் நிறை..." என்று தொடங்கி நின்றுபோனார். பாவம் என்று நாங்களே மீதியையும் சேர்த்துச் சொல்லிவிட்டோம். மாலையின் அடுத்த மணிக்கும் அப்படியே. அவர் ஜெபமாலையை மனைவி மடியில் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை அந்த அண்ணி என் வாசலில் வந்து அழுதார். "பேச்சையே வுட்டுட்டாரும்மா. தண்ணி வேணும்னாலும் கையக் காட்டுறாரு. பேசிப் பேசிப் பழகுனாதான் நாக்கு திரும்பும்னு டாக்டர் சொல்லிகீறாரு. இப்டியே வாய மூடிக்கினு பூடுவாரோன்னு பயமா கீது."

சோறு வடிக்கும்போதும் அதே நினைப்பு. உதவி என்று நினைத்துச் செய்ததே அவர் வாயை அடைத்துவிட்டது. குருடனிடம்கூட இயேசு ஆண்டவர், என்ன வேண்டும் என்று கேட்டு, அவன் வாயால் சொல்லும்வரை நின்றாரே!

மாதா அடுத்துப் போகவேண்டிய பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், இன்னும் ஒரு நாள் அண்ணன் வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன்.

"நான் கடலைய ஊறப்போட்டுட்டேனே, அத இன்னா பண்றது?"

"அங்கயே கொண்டாங்க. எந்த வூட்ல துன்னாலும் சுண்டல் சுண்டல்தான்."

சாயங்காலம் அண்ணன் கையில் நான் ஜெபமாலையைக் கொடுத்தேன். "அண்ணே, நீங்க முடிக்காம நாங்க வாயத் தொறக்க மாட்டோம். நேரமானா ஆவட்டும்."

"எத்தினி சிக்னல்ல எங்கள நிக்க வெச்சிருப்ப நைனா, இன்னிக்கும் நிக்கிறோம்," என்றார் கடலை ஊறப்போட்ட பக்கத்து வீட்டுக்காரர்.

ஒரு சொல் வந்தது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. வெளியே மழை தூறியது. மெழுகுவர்த்தி வெளிச்சம் மாதாவின் நீல அங்கியில் தண்ணீர்போல அசைந்தது. மேலே பாலத்தில் பறக்கும் ரயில் ஒன்று வந்து, நின்று, போயிற்று. இன்னொரு சொல். அடுப்படி, கரண்ட் பில், பிள்ளைகளின் பரீட்சை எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டன. கண்ணை மூடினால் எல்லோரும் ஒரே படகில், கரை தெரியாமல், பயமும் இல்லாமல் மிதப்பதுபோல் இருந்தது. பரலோகத்தில் நேரம் இப்படித்தான் நகருமோ என்னவோ.

திடீரென்று ஓர் அதட்டல்.

"இன்... இன்னா, தூ...ங்கிட்டீங்களா? பதில்... சொல்லுங்க!"

அவர் முன்பாதியை எப்போதோ முடித்திருந்தார். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நாங்கள் அவசர அவசரமாகப் பின்பாதியைச் சொன்னோம். அவர் எங்களை முறைத்துக்கொண்டே, இடது கை விரலை அடுத்த மணிக்கு நகர்த்தினார்.