எதிராளி வாயால் ஒரு பெயர்

போன வாரம் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் திரும்பும்போது குருபரப்பள்ளியில் வண்டி பஞ்சர். தள்ளிக்கொண்டே போய் ரோட்டோரக் கடையில் நிறுத்தினேன். பக்கத்தில் லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறை. சூடான ரப்பர் வாசனை குப்பென்று வந்தது. உங்களுக்கு அது நாற்றமாக இருக்கும். எனக்கோ இடது பக்கமாக யாரோ என்னைத் தாண்டி ஓடப்போகிறான் என்று தோன்றியது. இந்த வயதில், இந்த முட்டியை வைத்துக்கொண்டு, யார் பின்னால் ஓடுவேன் சொல்லுங்கள்.

அந்த நேரம் பார்த்துக் கைபேசியில் மகள். சிப்காட்டில் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. கம்பெனிகளுக்குள் நடந்த ஃபுட்பால் சீசன் முடிந்துவிட்டதாம், சிறந்த பதினொரு பேருக்கு ஓட்டெடுப்பாம், அவள் கம்பெனி ஆட்கள் பெயரையெல்லாம் தட்டிவிட வேண்டுமாம். ஒரு ஆட்டம்கூட நான் பார்க்கவில்லையே என்றேன். "பாக்கத் தேவயில்லப்பா, தட்டுனா போதும்" என்றாள். பெற்ற மகள் சொல்லித் தட்டாமல் இருக்க முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன். தட்டிய பிறகுதான் மனசு கேட்கவில்லை.

எங்கள் காலத்திலும் பதினொரு பேரைத் தேர்ந்தெடுத்தோம். அந்தப் பதினொரு பேர் சேர்ந்து ஒரு ஆட்டமும் ஆடப்போவதில்லை. கோப்பை கிடையாது, பணம் கிடையாது. ஸ்டூடியோவில் ஒரு குரூப் படம், அவ்வளவுதான். பெரிய படம் ரத்னம்மா அக்கா டீக்கடைச் சுவரில் தொங்கும், ஆளுக்கொரு சின்னப் பிரதி வீட்டுக்கு. அந்தப் படத்தில் நிற்கத்தான் ஷிஃப்ட் முடிந்த கையோடு, குளித்தும் குளிக்காமலும், ஓடி வருவோம். யார் எந்தக் கம்பெனி என்று சட்டையைப் பார்க்கவே வேண்டாம், மூக்கே சொல்லிவிடும். பிஸ்கட் கம்பெனிக்காரன் வந்தால் பசி எடுக்கும். எங்கள் மெஷின் ஷாப் ஆட்கள்மேல் கூலண்ட் எண்ணெய் வாடை. என்னைக் கட்டிக்கொண்ட புதிதில் என் மனைவி தலையணை உறையைத் தினம் துவைத்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

மைதானம் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். பிளாட் போட்டு விற்காமல் கிடந்த பொட்டல். அதன் ஓரத்தில்தான் அக்கா கடை. அக்காவுக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் எல்லாமும். திட்டு கன்னடத்தில் ஆரம்பித்தால் தெலுங்கில் வளர்ந்து தமிழில் வந்து முடியும், யாருக்கும் புரியவில்லை என்று தப்பிக்க முடியாது. தேர்வுக்கு அவள்தான் தலைமை. ஃபுட்பால் தெரியும் என்பதால் இல்லை, எந்தக் கம்பெனியிலும் சம்பளம் வாங்காதவள் என்பதால்.

முன்னொரு வருஷம் தேர்வில் கைகலப்பாகி அவள் கடை பெஞ்சு உடைந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, அவனவன் தன் ஆளையே சொன்னால் அடிதடி வராமல் என்ன வரும்? அன்றைக்கு அக்கா போட்ட சட்டம்: சொந்தக் கம்பெனி ஆளைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எதிராளி சொன்னால்தான் பெயர் சுவரில் ஏறும். வடை விலை எழுதும் சாக்பீஸால் பெயரை எழுதுவாள்.

நல்ல சட்டம்தான். ஆனால் என்னைப் போல இடது பக்கம் நின்று தடுக்கும் லெஃப்ட் பேக்குக்கு அது வினை. கோல் போட்டவனை ஊரே பார்க்கும். போடவிடாமல் தடுத்தவனை யாருக்குத் தெரியும்? தடுக்கப்பட்டவனுக்குத் தெரியும். அவன் எழுந்து, நான் இவனிடம் தோற்றேன் என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். யார் சொல்வார்கள்? நானும் வருஷா வருஷம் ஞாயிறு பூசை முடிந்த கையோடு போய் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

என்னிடம் தடுக்கப்பட்டவன் நாகராஜ். ரப்பர் கம்பெனி, வலது விங், ஓரமாக ஏறி ஓடுபவன். அத்திப்பள்ளிப் பக்கத்துக் கன்னடக்காரன், ஆனால் தமிழில் என்னைவிட நன்றாகவே வம்பிழுப்பான். அப்படி ஒரு ஓட்டம் நான் பார்த்ததில்லை. முதலில் வாசனை வரும், திரும்புவதற்குள் ஆள் போயிருப்பான். முந்தைய படங்கள் எல்லாவற்றிலும் வலது விங் அவன்தான். அவன் இங்கே ஆடிய கடைசி சீசனில்தான் நான் ஒன்று கண்டுபிடித்தேன். வெளிப்பக்கமாக ஓடுவதென்றால் சும்மா ஓடுவான். உள்ளே திரும்பி கோலுக்கு அடிப்பதென்றால், அதற்கு முன் சட்டைக் காலரைப் பல்லால் கடிப்பான். அவனுக்கே தெரியாத பழக்கம் என்று நினைத்திருந்தேன். நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவன் வாயைப் பார்க்க ஆரம்பித்தேன். எங்களோடு ஆடிய இரண்டு ஆட்டத்திலும் அவனால் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. என் வாழ்க்கையின் ஒரே விஞ்ஞானக் கண்டுபிடிப்பு இதுதான், சிரிக்காதீர்கள்.

அந்த வருஷம் ரப்பர் கம்பெனியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்று உறுதியாகிவிட்டது. நாகராஜும் போகிறான். பழைய படங்களின் பிரதியை எல்லாம் ஆளுக்கொன்றாகக் கொடுத்துத் தொலைத்திருந்தான். புதுசாகக் கல்யாணமானவன். போகிற ஊரில் யாருக்கும் தன்னைத் தெரியாது, இந்த வருஷப் படத்தையாவது வீட்டில் மாட்டணும் என்று பெண்டாட்டி கேட்கிறாள் என்று சீசன் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

தேர்வு நாளில் சுவரில் ஒன்பது பெயர் ஏறிவிட்டது. மிச்சம் லெஃப்ட் பேக்கும் வலது விங்கும். விங்குக்கு நாகராஜும் பிஸ்கட் கம்பெனிப் பையன் ஒருவனும் சரிக்குச் சரி. அந்தப் பையன் என்னை ஏமாற்றி ஒரு கோல் அடித்தவன், அதுவும் எல்லோருக்கும் தெரியும். அக்கா முதலில் பேக் யார் என்று கேட்டாள். யாரோ வேறு ஒருவர் பெயரைச் சொன்னார்கள். என் கேப்டன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டு பெஞ்சைச் சுரண்டினார்.

நாகராஜ் டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் புரிந்தது. அவன் என் பெயரைச் சொன்னால் தான் தோற்றதைத் தானே சொன்ன மாதிரி. அப்புறம் விங் அவனுக்கு எப்படிக் கிடைக்கும்? சொல்லேன்டா என்று ஒரு மனசு. சொல்லிடாதடா என்று ஒரு மனசு. பொய் எதற்கு, முதல் மனசுதான் பெரிசாக இருந்தது.

அக்கா சாக்பீஸைத் தூக்கியபோது அவன் எழுந்தான்.

"அக்கா, இரு. பேக்குன்னா இவன்தான்" என்று என்னைக் காட்டினான். "ரெண்டு ஆட்டமும் என்னை நகர விடல. நான் காலரைக் கடிச்சா உள்ள திரும்புவேன்னு கண்டுபிடிச்சிருக்கான். ரெண்டாவது ஆட்டத்துல கடிக்காம ஓடிப் பாத்தேன், ஓட்டமே வரல."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"ஏம்பா, அந்தப் பையன் இவனைத் தாண்டிக் கோல் போட்டிருக்கான். நீ போடல. அப்ப விங்கு யாருக்கு எழுதட்டும்?"

"அவனுக்கே எழுதுக்கா" என்றான் நாகராஜ். குரல் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது. பிறகு அவனே போய் எல்லோருக்கும் இன்னொரு டீ சொன்னான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அழுகையும் வந்தது. குனிந்து டீயை ஊதினேன். அவனைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும், கூச்சம் விடவில்லை.

ஸ்டூடியோவுக்கு அவனும் வந்தான். ஓரமாக நீயும் நில்லு, யார் கேட்கப் போகிறார்கள் என்று கையைப் பிடித்து இழுத்தேன். "சட்டம் சட்டம்தான் குரு" என்று, கன்னடத்தில் நண்பனைக் கூப்பிடுகிற மாதிரி சொல்லி, கையை விடுவித்துக்கொண்டான். போட்டோகிராபருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, என் தலைமுடி கலைந்திருக்கிறது என்று சைகை காட்டினான். நான் சரி செய்துகொண்டேன். படம் எடுத்தார்கள்.

இரண்டு மாதத்தில் கம்பெனி போனது, அவனும் போனான். கொஞ்ச நாள் யாராவது அவனைப் பார்த்ததாகச் சொல்வார்கள், அப்புறம் அதுவும் நின்றது. பொட்டலில் இப்போது கிடங்குகள், வெளியே வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள். மேம்பாலத்துக்காகக் கடையை எடுத்தார்கள். அக்கா சுவர்ப் படங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு சிங்காரப்பேட்டையில் மகள் வீட்டுக்குப் போனாள், அங்கேயே காலமானாள். புது ஓட்டெடுப்பில் ஆள் பலமுள்ள கம்பெனிக்கு ஏழு இடம் கிடைத்ததாம். அதில் ஒருவனும் எழுந்து நின்று இன்னொருவன் பெயரைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

என் பிரதி வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. பத்துப் பேர் நேராகப் பார்க்கிறார்கள், நான் மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்கள் போட்டோகிராபரைக் குறை சொல்வார்கள். அவர் சரியாகத்தான் எடுத்தார். நான் நாகராஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.