கூட்டாமல் விட்ட தெரு

உடுமலைப்பேட்டை பக்கத்துப் பேரூராட்சி ஒன்றில் பதினான்கு வருடமாகத் தெருக் கூட்டுகிறாள் செவ்வந்தி. முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆனாலும் அவள் கூட்டும் சந்தைத் தெருவில் ஒரு வாழைமட்டை கிடக்காது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

காலாண்டு விடுமுறை வந்தால் துப்புரவு மேஸ்திரியும் வந்துவிடுவார். இந்த வருடமும் வந்தார்.

"ஏனுங்க செவ்வந்தி, மூணு நாளைக்குச் சந்தைத் தெருவக் கூட்டாதீங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க சேவை முகாமுக்கு வாராங்க. அவுங்களுக்கும் வேலை வேணுமில்லீங்க?"

மூன்று நாளும் தெரு நாறியது. கடைக்காரர்கள் அவளைத்தான் ஏசினார்கள். நான்காம் நாள் பிள்ளைகள் கையுறை மாட்டி அரை மணி நேரம் கூட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், குவித்த குப்பையை அப்படியே போட்டுவிட்டு நிழலுக்குப் போனார்கள். செவ்வந்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து அள்ளினாள்.

கயல்விழி என்ற மாணவி நோட்டோடு வந்தாள். முகாமில் என்ன கற்றுக்கொண்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"ஏனுங்க்கா, இந்தத் தெரு எப்பவுமே இப்படிக் குப்பையாத்தான் கெடக்குமுங்களா?"

"ஆமா கண்ணு. நீங்க வாரப்பெல்லாம் இப்படித்தான் கெடக்கும்."

கயல்விழி 'ஆமாம்' என்பதை மட்டும் எழுதிக்கொண்டாள்.