பெரியவருக்குத் துணை தேடிய சிஐடி அக்கா

ஆளைப் பார்த்து அடையாளம் சொல்வதில் சிஐடி அக்காவை மிஞ்ச அந்த அலுவலகத்தில் ஆள் கிடையாது. அடையாள அட்டை புதுப்பிக்கும் மூன்றாம் கவுண்டர் அவளுடையது. பழைய அட்டையில் இருக்கும் படத்தை ஒரு பார்வை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவரை ஒரு பார்வை, அவ்வளவுதான், முத்திரை விழுந்துவிடும். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு அட்டைகூடத் தப்பான கைக்குப் போனதில்லை. இதை அவளே வாரத்துக்கு இரண்டு தடவை சொல்லிவிடுவதால் யாரும் போய் விசாரிக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்தால் அயிரை. சட்டிக்கு இல்லை, தொட்டிக்கு. கூடத்தில் டிவி இருக்க வேண்டிய இடத்தில் நாலடிக் கண்ணாடித் தொட்டி. மற்றவர்கள் வளர்க்கும் மீன்கள் நடுத்தண்ணீரில் நின்று அழகு காட்டும். அயிரைக்கு அந்த மினுக்கெல்லாம் கிடையாது. தரையோடு தரையாக ஊர்ந்து, மீசையால் மணலைத் துழாவி, கிடைத்ததைத் தின்றுவிட்டுக் கல்லிடுக்கில் போய்ப் படுத்துக்கொள்ளும். அக்காவுக்கு அந்தக் குணம்தான் பிடித்திருந்தது. அயிரை வளர்ப்பவர்கள் இருநூறு பேர் சேர்ந்த போன் குழு ஒன்று உண்டு. ஆளாளுக்கு மங்கலாக ஒரு படத்தைப் போட்டு, "அக்கா, இது என்ன வகை?" என்பார்கள். அக்கா மீசையை எண்ணி, வாலைப் பார்த்து, தீர்ப்பு சொல்வாள். சிஐடி என்று பேர் வைத்தது அவர்கள்தான். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார், ஆனால் அவ்வளவு மரியாதையாக இல்லை.

அப்பேர்ப்பட்ட அக்காவுக்கே தண்ணி காட்டியவர் பெரியவர்.

பெரியவர் என்பது ஒரு மீன். மேல்மாடியில் இருந்தவர்கள் வீடு காலி செய்தபோது, "நீங்க வச்சுக்கோங்க" என்று ஒரு வாளியில் கொடுத்துவிட்டுப் போனார்கள். விரலைவிட நீளம், மஞ்சள் உடம்பு, அது முழுக்கக் கறுப்பில் வலை பின்னியதுபோல் கோடுகள். வயசானவராகத் தெரிந்ததால் வீட்டில் எல்லோரும் 'அவர் இவர்' என்றே பேசினார்கள். அயிரை தனியாக இருக்கிற ஜீவன் இல்லை. அதே இனத்தில் நாலைந்தாவது கூட வேண்டும். பெரியவரோ மூன்று வருஷமாக ஒண்டிக்கட்டை. தொட்டியில் இருந்த மற்ற வகைகளோடு அவர் ஒட்டவே இல்லை. அக்கா போகாத கடை இல்லை, கேட்காத ஆள் இல்லை. வலைக்கோடு போட்ட அயிரை எங்கேயும் கிடைக்கவில்லை.

இப்போது ஒன்பது நாளாக அவர் சாப்பிடவும் இல்லை. ஃபில்டருக்குப் பின்னால் போய்ச் சொருகிக்கொண்டார். நிறம் வெளுத்துவிட்டது. புழுவை மூக்குக்கு நேரே போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீயும் சாப்பிடாம உக்காந்திருந்தா அவரு எழுந்து வந்துடுவாரா?" என்றார் வீட்டுக்காரர்.

"போயிடுவாருங்க. எனக்குத் தெரியுது, போயிடுவாரு" என்றாள் அக்கா. அவள் குரல் உடைந்ததைக் கேட்டு அவர் அடுத்து வைத்திருந்த கேலியை விழுங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை மூன்றாம் கவுண்டரில் ஒருவர் வந்து நின்றார். வழுக்கைத் தலை, மார்பு வரை தாடி, சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டும் தொப்பை. அட்டையில் இருந்ததோ குச்சியாக ஒரு பையன், தலையில் குருவிக்கூடு மாதிரி முடி.

"மேடம், இது நான்தான்னா நானே நம்பமாட்டேன்" என்று அவரே முந்திக்கொண்டார். "என் பொண்டாட்டி இதைப் பாத்துட்டு யாருங்க இந்தப் பையன்னு கேட்டா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முடி போகும், தொப்பை வரும், கன்னம் உப்பும். அதையெல்லாம் நாங்க பாக்கவே மாட்டோங்க. காது மாறாது. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல இருக்குற தூரம் மாறாது. மேல இருக்குறதைப் பாத்து ஆளை..."

முத்திரை பிடித்த கை அந்தரத்தில் நின்றது.

"மேடம்? அப்போ நான் இல்லையா?" என்றார் வழுக்கைக்காரர் கலவரத்தோடு.

"நீங்கதான். நீங்கதாங்க. நான்தான் முட்டாள்!" என்று முத்திரையை ஓங்கிக் குத்தினாள். பக்கத்துக் கவுண்டர்கள் திரும்பிப் பார்த்தன.

மதிய இடைவேளைக்கு மணி அடித்தபோது அக்கா படியில் இருந்தாள். இரண்டு தெரு தள்ளி வண்ணமீன் கடை. அங்கே கீழ் வரிசைத் தொட்டியில் கட்டைவிரல் நீளத்துக்குச் சின்ன அயிரைகள் மூன்று வருஷமாக வந்து போய்க்கொண்டிருந்தன. மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டைகள், நேர்நேராக. வலை இல்லை. அதனால் அக்கா அவற்றை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. இப்போது முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள். நீண்ட மூக்கு, பெரியவருடையதேதான். மீசை நாலு ஜோடி. வால் பிளவு அதே. இருந்ததில் பெரிய குட்டியின் முதுகைப் பார்த்தாள். ஒரு பட்டை நடுவில் பிளந்து, இரண்டு கிளையாகப் பிரிந்து, பக்கத்துப் பட்டையைத் தொடப் போயிருந்தது. வளர வளரப் பட்டை வலையாகிறது. இதற்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் வேறு.

"மூணு வருஷமா காட்டுறேன், மூஞ்சியைச் சுளிச்சிட்டுப் போவீங்க" என்று கடைக்காரர் வலையை எடுத்தார்.

"அண்ணே, வலை வேணாம்! கண்ணுக்குக் கீழ முள்ளு இருக்கும், மாட்டிக்கும். டம்ளர்ல மொண்டு குடுங்க. அஞ்சையும் குடுங்க."

புது மீனை இருபது நாள் தனியாக வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தொட்டியில் விட வேண்டும். இது அக்காவே குழுவில் நூறு தடவை சொன்ன சட்டம். ஆகவே குட்டிகளை ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியில் விட்டு, பெரிய தொட்டியை ஒட்டினாற்போல் வைத்தாள். சாயங்காலம் விளக்குப் போட வந்த வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏய், இங்க வா. சத்தம் போடாம வா."

பெரியவர் வெளியே வந்திருந்தார். தொட்டியின் ஓரக் கண்ணாடியில் வயிற்றை ஒட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் ஐந்து குட்டிகளும் அவருக்கு நேராக மூக்கை வைத்திருந்தன. அக்கா ஒரு புழுவைப் போட்டாள். அவர் தின்றார். இன்னொன்று போட்டாள், அதையும் தின்றார்.

அன்றிலிருந்து வீட்டுக்காரர் பெரியவரின் வக்கீலாகிவிட்டார். "பாவம்டி, விட்டுடு. அவரு நாள் முழுக்க அங்கயே நிக்கிறாரு."

"இருபது நாள்னா இருபது நாள்தான். ஏதாவது நோய் தொத்துச்சுன்னா நீங்களா பாப்பீங்க?"

"பக்கத்துல வச்சுக்கிட்டு மூணு வருஷம் பிரிச்சு வச்சவ நீ. இன்னுமா சட்டம் பேசுற?"

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. அக்கா போனை எடுத்துக் குழுவில் நடந்ததை ஒளிக்காமல் எழுதினாள். பட்டை வேறு வலை வேறு என்று தன் பேச்சைக் கேட்டு யாராவது பிரித்து வைத்திருந்தால் சேர்த்துவிடுங்கள் என்றும் எழுதினாள். ஆனால் சட்டத்தை மட்டும் தளர்த்தவில்லை.

இருபத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. குட்டிகளை ஒவ்வொன்றாக டம்ளரில் மொண்டு விட்டாள். பெரியவர் காத்திருக்கவில்லை, நேரே வந்தார். ஐந்தும் அவர் விலாவோடு ஒட்டிக்கொள்ள, ஆறுபேரும் தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒன்றாகப் போனார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடியும் போனார்கள். வெளுத்த உடம்பில் கறுப்பு ஏறியிருந்தது. அவர் இவ்வளவு வேகமாக நீந்துவார் என்றே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். வீட்டுக்காரர் துண்டை நீட்டினார்.

"ஆளைத் தெரிஞ்சுக்க எனக்கு மூணு வருஷம் ஆச்சுங்க" என்றாள் முகத்தைத் துடைத்தபடி. "அவருக்கு ஒரு சாயங்காலம்கூட ஆகலை."