சுடுமல்லி கேட்ட குரல்

மக்காச்சோளத்தைத் தவிர வேறெதையும் விதைக்க மாட்டாள் என்பதால் அவளுக்கு மக்காச்சோளக்காரி என்றே பேர். பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இருந்திருந்தால் அந்த வருஷம் காட்டை விட்டே ஓடியிருப்பாள். வாய்க்காலில் தண்ணீர் ததும்புகிறது, பயிரோ நடுப்பகலில் இலை சுருண்டு துவள்கிறது. உரம் போட்டாள், இன்னொரு தடவை பாய்ச்சினாள். அட, கேட்டால்தானே! மண்ணுக்கடியில் யாரோ உட்கார்ந்து உறிஞ்சுவதுபோல இருந்தது.

ஒரு நாள் காலையில் பார்த்தால், பயிரின் காலடியிலெல்லாம் குட்டிக் குட்டியாய்ச் சிவப்புப் பூ. அத்தனை அழகு. ஒன்றைப் பிடுங்கினாள். அதன் வேர் சோளத்தின் வேருக்குள்ளேயே இறங்கியிருந்தது. செடியை அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பக்கத்துக் காட்டுக்காரனான கொழுந்தனுக்கோ வாயெல்லாம் பல். அவள் புருஷன் படுக்கையில் விழுந்தபோது உழவுக்கு ஒரு கை ஆகுமே என்று அவளேதான் அவனைக் கூப்பிட்டாள். வந்தான், உழுதான், சும்மா சொல்லக்கூடாது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் அவன் மட்டும் போகவில்லை. தினமும் வரப்பில் வந்து உட்கார்ந்துகொள்வான்.

"ஒத்தை ஆளா எத்தனை நாளைக்கு அண்ணி? என் பேருக்கு எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க."

அடுத்த சோளமும் பொய்த்தால் எழுதிக் கொடுப்பதைத் தவிர வழியில்லை என்று அவளுக்கும் தெரியும்.

விவசாய ஆபீசில் இருந்த பெண் செடியைப் பார்த்ததுமே சுடுமல்லி என்றாள். விதை தூசி மாதிரி இருக்குமாம். வருஷக்கணக்கில் மண்ணில் மூச்சுக் காட்டாமல் கிடக்குமாம். சத்துப் போதாதபோது, மண்ணிலுள்ள நல்ல பூஞ்சையைத் துணைக்கு அழைத்துச் சோளத்தின் வேர் ஒரு சாற்றைக் கசியவிடும். அந்த அழைப்பு இதற்கும் எட்டிவிடும். எழுந்து வந்து ஒட்டிக்கொள்ளும்.

"அப்போ, உதவிக்குக் கூப்பிட்டதுதான் தப்பா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தட்டைப்பயறு போடச் சொன்னாள் அந்தப் பெண். அதன் வேரும் அதேபோல் அழைக்கும், ஆனால் முளைத்து வருவதற்குப் பிடித்துக்கொள்ள இடம் தராது. வந்தது பட்டினியில் சாகும். அப்படியே இரண்டு போகம் பயறு போட்டாள். மேலே பச்சைப்பசேல். கீழே எத்தனை விழித்து எத்தனை செத்தனவோ! களை எடுக்கும்போது காலை அழுத்தி வைக்கவே அவளுக்குக் கூசியது.

பிறகு விதைத்த சோளம் உச்சிவெயிலிலும் விறைத்து நின்றது. அங்கங்கே தலைகாட்டிய ஒன்றிரண்டு பூவையும் விதை கட்டுமுன் பிடுங்கி எரித்தாள். கொழுந்தன் வரப்புக்கு வருவது நின்றது.

அறுவடை நெருங்கிய நேரம். ஆளுயரப் பயிருக்கு நடுவே வாய்க்காலில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் மடங்கிவிட்டது, எழ முடியவில்லை. பக்கத்துக் காட்டில் கொழுந்தன் இருமுவது கேட்டது. ஒரு குரல் போதும், ஓடி வந்துவிடுவான். தூக்கிக்கொண்டு போவான், அறுவடையையும் பார்த்துக்கொள்வான். அப்புறம் போகவே மாட்டான்.

வலியில் அவளையும் மீறி முனகினாள். இருமல் நின்றது. அந்தப் பக்கம் அவன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான்.

தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து வாயில் திணித்துக்கொண்டு, பயிர் அசையாமல், வீட்டுப் பக்கமாகத் தவழத் தொடங்கினாள்.