மலைச்சாலையில் விழாத சிவப்புக் கோடு

மூன்று வருடங்களுக்கு முன், புளி உலுக்கும் பருவத்தில், ஒரு சந்தை நாள் காலையில் ஒடுகத்தூரில் நடந்தது இது.

வேலூரில் ஒரு நிறுவனத்தில் வரைபடம் தயாரிப்பது என் வேலை. சைக்கிளில் போகிறவர்களுக்குச் சாலையோரம் தனிப்பாதை போடும் திட்டம் ஒன்று எங்களிடம் வந்திருந்தது. எங்கே சைக்கிள் அதிகம் போகிறது என்று தெரிய வேண்டுமே! அதற்காக, தினமும் சைக்கிளோடு போய்வரும் சிலரிடம் தீப்பெட்டி அளவில் ஒரு ஜி.பி.எஸ். கருவியைக் கொடுத்து, சீட்டுக்கு அடியில் ஒரு மாதம் கட்டிவைக்கச் சொன்னோம். அது அனுப்பும் தகவலைக் கணினியில் ஏற்றினால், சைக்கிள் போன வழியெல்லாம் சிவப்புக் கோடாகத் தெரியும்.

அன்று ஒடுகத்தூரில் அதற்காக நடந்த கூட்டத்தில் என் வரைபடத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை. கடைத்தெருவுக்குப் பாதை போடுவதா, ஜவ்வாது மலைக்கு ஏறும் சாலைக்குப் போடுவதா என்று சாலைத் துறை அதிகாரி அன்று முடிவு செய்ய வேண்டும். இரண்டில் ஒன்றுதான். கடைத்தெரு முழுக்கச் சிவப்பு. மலைச்சாலை வெறுமையாக இருந்தது. “மலைச்சாலையில சைக்கிளே போறதில்ல சார்” என்று அடித்துச் சொன்னேன். அதிகாரி கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார்.

கருவி வாங்கிக்கொண்டவர்களையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தோம். அவர்களில் ஒரு பெண் எழுந்து நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். மலையிலிருந்து புளியும் சாமையும் கொண்டுவந்து சந்தையில் விற்பவர்.

“நான் ஒரு நாள்கூட அந்த மெஷின் இல்லாம வரல சார். மாசம் பூரா கட்டிக்கினுதான் வந்தேன். என் கோடு எங்க சார்?”

“மெஷின் ஓடாம நின்னிருக்கும்மா” என்றேன், கொஞ்சம் எரிச்சலோடு.

“எப்படி சார் நிக்கும்? எங்க ஊட்ல கரண்டு ஒழுங்கா இருக்காது. மூணு நாளுக்கு ஒருக்கா கடைல குட்த்து சார்ஜ் போட்டேனே!”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா விடுவதாக இல்லை. “அந்தப் பாறைத் திருப்பத்துல வேன் வந்தா, ஒதுங்க எடம் இல்லாம மூட்டையோட பாறைல சாஞ்சிக்கினு நிக்கறோம். பாதை வரும்னுதான் இத்தக் கட்டிக்கினேன்” என்றார்.

அப்போதுதான் எனக்கு ஏதோ உறைத்தது. “மலையில நீங்க சைக்கிள ஓட்டிக்கிட்டு வருவீங்களா, தள்ளிக்கிட்டு வருவீங்களா?”

“இன்னா சார் கேக்கறீங்க? மூட்டைய வச்சிக்கினு எங்க ஏறி ஒக்கார்றது? எறங்கறப்பவும் தள்ளிக்கினுதான், ஏறறப்பவும் தள்ளிக்கினுதான்.”

ஆள் நடக்கும் வேகத்தில் பதிவாகும் எதையும் நீக்கிவிடும்படி நான்தான் கணினியில் அமைத்திருந்தேன். நடக்கிற வேகத்தில் யாராவது சைக்கிள் ஓட்டுவார்களா, அதெல்லாம் குப்பை என்று என் நினைப்பு. இப்போதும் மெஷின் கோளாறு என்றே சாதித்திருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. தப்பு என்னுடையது என்று அதிகாரியிடம் ஒப்புக்கொண்டு, அந்த அமைப்பை எடுத்துவிட்டு வரைபடத்தை மறுபடி போட்டேன்.

மலைச்சாலை அடியிலிருந்து மேல்வரை சிவப்பாகிவிட்டது. கருவி நெடுநேரம் நின்ற இடங்கள் புள்ளிகளாகத் தெரிந்தன. அந்த அம்மா சுவரருகே போய் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். “இங்க தண்ணி குடிப்போம். இதான் சார் அந்தப் பாறை.” வரைபடத்தையே அன்றுதான் முதல் முறையாகப் பார்க்கிறவர், அதைப் போட்ட என்னைவிட நன்றாகப் படித்தார்.

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, நேரிலேயே பார்த்துவிடலாம் என்றார். மதியம் சந்தை முடிந்து அந்த அம்மா அரிசி மூட்டையோடு ஊர் திரும்பும்போது நாங்களும் பாறைத் திருப்பம் வரை கூடவே நடந்தோம். வழியில், நான் கொஞ்ச தூரம் தள்ளுகிறேன் என்று வீராப்பாக வாங்கினேன். பத்து அடி போவதற்குள் சைக்கிள் ஒரு பக்கம் சாய, நான் மறுபக்கம் சாய, அந்த அம்மா ஓடிவந்து பிடித்துக்கொண்டு, “உடுங்க சார், எங்க ஊட்டு அரிசி” என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சைக்கிள் மேலிருந்த மூட்டையை இடுப்பால் தாங்கி, ஒரு கையால் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு, எங்களோடு பேசியபடியே மேடேறினார். பாறையை நெருங்கியபோது ஒரு வேன் வந்தது. எல்லோரும் பாறையோடு ஒட்டிக்கொண்டோம், அதிகாரியும்தான்.

இப்போது அந்தத் திருப்பத்தில் பாறையை வெட்டி, ஒதுங்கி நடக்க அகலமாக ஓரப்பாதை போட்டிருக்கிறார்கள். நான் இன்றும் அதே வேலையில்தான் இருக்கிறேன். வேண்டாத தகவல் என்று எதையாவது நீக்கப் போகும்போதெல்லாம் கை தானாக நின்றுவிடுகிறது. அந்தத் தகவலுக்குள் யாரோ ஒருவர் சுமையோடு மேடேறிக்கொண்டிருக்கலாம் என்ற பயமும் மரியாதையும் என்னைவிட்டு இன்னும் போகவில்லை.